ஸ்கிரீன் ரீடர் உங்கள் தளத்தை எப்படிப் படிக்கிறது?

கேள்வி: வேர்ட்பிரஸில் தமிழ்ச் சமையல் குறிப்புத் தளம் ஒன்றை நடத்துகிறேன். பார்வையற்ற வாசகர் ஒருவர், தேவையான பொருட்கள் எங்கே தொடங்குகின்றன, செய்முறை எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை என எழுதியிருக்கிறார். எல்லா இடத்திலும் ‘ஏரியா’ பண்புகளைச் சேர்த்தால் சரியாகிவிடுமா? அல்லது ஒரே வரி நிரலில் பொருத்தக்கூடிய அணுகல் விட்ஜெட் ஒன்றை வாங்கிவிடலாமா?

பதில்:

இரண்டும் வேண்டாம். விட்ஜெட் கதைக்குக் கடைசியில் வருகிறேன். ஏரியாவுக்கு, அதாவது ஸ்கிரீன் ரீடருக்காக டேக்குகளில் கூடுதலாகச் சேர்க்கும் பண்புகளுக்கு, வேலை உண்டு, ஆனால் அது பந்தியில் கடைசியாக உட்கார வேண்டியது.

வாசகரின் புகாரைக் கவனியுங்கள். எழுத்து காதில் விழவில்லை என்று அவர் சொல்லவில்லை. எது எங்கே என்று தெரியவில்லை என்கிறார். கண்ணால் பார்ப்பவருக்குத் தலைப்பு பெரிதாக இருக்கிறது, பொருட்கள் மஞ்சள் பெட்டிக்குள் இருக்கின்றன, செய்முறைக்கு முன்னால் ஒரு கோடு ஓடுகிறது. பக்கத்தைத் திறந்த கணமே அமைப்பு பிடிபட்டுவிடும். அந்த எழுத்தளவும் பெட்டியும் கோடும், திரையில் உள்ளதை உரக்க வாசிக்கும் மென்பொருளான ஸ்கிரீன் ரீடருக்குப் போய்ச் சேர்வதில்லை.

உங்கள் பக்கத்தின் நிரலான எச்டிஎம்எல்லை வாங்கிக்கொள்ளும் உலாவி, திரையில் வரைவதோடு நிற்பதில்லை. அதே நிரலிலிருந்து இன்னொரு கட்டமைப்பையும் உருவாக்குகிறது. அதை அணுகல் மரம் என்பார்கள். அதில் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒரு பங்கு உண்டு: தலைப்பா, இணைப்பா, பட்டனா, பட்டியலா என்பது. ஒரு பெயர் உண்டு: “அச்சிடு”, “தேடு” என்பது போல. நிலையும் உண்டு: தேர்வு செய்யப்பட்டிருக்கிறதா, விரிந்திருக்கிறதா, முடக்கப்பட்டிருக்கிறதா என்று. விண்டோஸில் என்விடிஏ, ஜாஸ், ஆப்பிள் கருவிகளில் வாய்ஸ்ஓவர், ஆண்ட்ராய்டில் டாக்பேக் என எந்த ஸ்கிரீன் ரீடரும் இயங்குதளத்தின் வழியாக இந்த மரத்தைத்தான் கேட்டு வாங்கிப் பேசுகிறது. தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் 28 பிக்சல் தடித்த எழுத்தாக அலங்கரித்த ஒரு ‘டிவ்’ (பொருள் எதுவும் குறிக்காத வெறும் பெட்டி) அந்த மரத்தில் வெறும் எழுத்து. ‘எச்2’ என்று எழுதியிருந்தால் இரண்டாம் நிலைத் தலைப்பு. உங்கள் வாசகரின் சிக்கல் முழுவதும் இந்த ஒரு வேறுபாட்டுக்குள் இருக்கிறது.

பார்வையற்றவர்கள் ஒரு பக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பொறுமையாகக் கேட்பார்கள் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. பெரும்பாலோர் அப்படிக் கேட்பதில்லை. உங்கள் கண் பக்கத்தில் தாவுவது போல அவர்கள் விரல் தாவுகிறது. என்விடிஏவில் எச் விசையை அழுத்தினால் அடுத்த தலைப்பு. 2ஐ அழுத்தினால் அடுத்த இரண்டாம் நிலைத் தலைப்பு. எல் (L) என்றால் அடுத்த பட்டியல், பி (B) என்றால் பட்டன், கே (K) என்றால் இணைப்பு, டி (D) என்றால் பக்கத்தின் அடுத்த பெரும்பகுதி. அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எய்ம், ஸ்கிரீன் ரீடர் பயனர்களிடம் பல ஆண்டுகளாகக் கருத்துக் கணிப்பு நடத்திவருகிறது. நீளமான பக்கத்தில் தகவலைத் தேட முதலில் என்ன செய்வீர்கள் என்ற கேள்விக்கு, 2024இல் வெளியான முடிவில் பத்தில் ஏழு பேர் தலைப்புகள் வழியாகத் தாவுவோம் என்றார்கள். உங்கள் தளத்தில் எச் விசையை அழுத்தினால் என்ன வருகிறது? ஒருவேளை தளத்தின் பெயர், அதற்கடுத்து நேராகப் பக்கப்பட்டியில் இருக்கும் “எங்களைப் பின்தொடருங்கள்”. நடுவில் இருக்கும் வத்தக்குழம்பு அடையாளமே இல்லாமல் கிடக்கும்.

ஆகவே வேலையைத் தலைப்புகளில் தொடங்குங்கள். குறிப்பின் பெயர் எச்1. “தேவையான பொருட்கள்”, “செய்முறை”, “குறிப்புகள்” ஆகியவை எச்2. நம் சமையல் குறிப்புகளில் “வறுத்து அரைக்க”, “தாளிக்க” என்று பொருட்களைப் பிரித்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அவை எச்3. எடிட்டரில் வரியைத் தேர்ந்தெடுத்துத் தடித்த எழுத்தாக்கினால் அது தலைப்பாகிவிடாது. தலைப்புக்கென்றே இருக்கும் பிளாக்கைப் பயன்படுத்துங்கள். இதற்கு நேர்மாறான வழக்கமும் உண்டு: எழுத்தளவு அழகாக இருக்கிறது என்பதற்காக எச்4ஐத் தேர்ந்தெடுப்பது. அளவைச் சிஎஸ்எஸ் பார்த்துக்கொள்ளும். எண் என்பது படிநிலை. “ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எச்1 போடலாம், உலாவி தானே நிலையைக் கணக்கிட்டுக்கொள்ளும்” என்று பழைய பயிற்சிக் குறிப்புகளில் படித்திருந்தால் மறந்துவிடுங்கள். எச்டிஎம்எல்5 காலத்தில் விவரணத்தில் (அதிகாரபூர்வ விதித்தொகுப்பில்) எழுதப்பட்ட அந்தக் கணக்கீட்டை ஸ்கிரீன் ரீடருக்குப் பயன்படும் விதத்தில் எந்த உலாவியும் நடைமுறைப்படுத்தவில்லை. 2022இல் விவரணத்திலிருந்தே அதை நீக்கிவிட்டார்கள்.

தலைப்பு முடிந்ததும் பட்டியல். தேவையான பொருட்களை ஒரே பத்தியில் எழுதி, வரிக்கு வரி என்டர் தட்டியிருப்பீர்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். அதைப் பட்டியல் டேக்கில் எழுதிப் பாருங்கள்: உள்ளே நுழையும்போதே இது 12 உருப்படிகள் கொண்ட பட்டியல் என்று ஸ்கிரீன் ரீடர் சொல்லிவிடும். ஒவ்வொன்றாக நகரலாம், வேண்டாம் என்றால் மொத்தமாகத் தாண்டலாம். செய்முறைக்கு எண் வரிசைப் பட்டியல். அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு, புளிக்கரைசலை ஊற்றும் கட்டம் நான்கா ஐந்தா என்று தேடுகிறவருக்கு இது சாதாரண உதவி இல்லை. இங்கே ஒரு விசித்திரம் உண்டு. சிஎஸ்எஸ்ஸில் புள்ளிகளை நீக்கினால், சஃபாரி உலாவி அதைப் பட்டியலாகவே கருதாமல் விட்டுவிடக்கூடும், வாய்ஸ்ஓவரும் சொல்லாது. அப்போது ‘ரோல்’ பண்பில் பட்டியல் என்று வெளிப்படையாக எழுத வேண்டியிருக்கும். ஏரியாவுக்கு நியாயமான வேலை கிடைக்கும் இடங்களில் இது ஒன்று.

பக்கத்தின் பெரும்பகுதிகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. மேல்பகுதிக்கு ‘ஹெடர்’, வழிசெலுத்தலுக்கு ‘நேவ்’, உள்ளடக்கத்துக்கு ‘மெயின்’, பக்கப்பட்டிக்கு ‘அசைடு’, அடிப்பகுதிக்கு ‘ஃபுட்டர்’. புதிய தீம்களில் இவை பெரும்பாலும் இருக்கும். ‘மெயின்’ ஒன்றுதான் இருக்கிறதா, குறிப்பு அதற்குள்தான் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டு ‘நேவ்’ இருந்தால் ‘ஏரியா லேபல்’ பண்பால் தனித்தனிப் பெயர் கொடுங்கள்.

பட்டன்களில்தான் எனக்குக் கோபம் வரும். “அச்சிடு” என்று எழுதிய ஒரு டிவ், அதற்கு ஒரு க்ளிக் நிகழ்வு, கொஞ்சம் நிறம், வட்ட முனை. மவுஸ் வைத்திருப்பவருக்கு அது பட்டன். டேப் விசை அதைத் தொடாது. ஸ்கிரீன் ரீடர் “அச்சிடு” என்ற சொல்லை வாசித்துவிட்டு நகரும், பட்டன் என்று சொல்லாது. இதை டிவ்வாகவே வைத்துச் சரிசெய்ய என்னவெல்லாம் வேண்டும் தெரியுமா? பங்கைப் பட்டன் என்று அறிவிக்க வேண்டும். டேப் வரிசையில் சேர்க்க வேண்டும். என்டருக்கும் ஸ்பேஸுக்கும் நிரல் எழுத வேண்டும்; அதிலும் உண்மையான பட்டன் என்டரை அழுத்தியவுடன் இயங்கும், ஸ்பேஸை விரல் எடுத்தபின்தான் இயங்கும். முடக்கிய நிலையைத் தனியாகக் கையாள வேண்டும். ‘பட்டன்’ என்ற டேக்கை எழுதினால் இவ்வளவும் இலவசம். அழகு போதவில்லை என்றால் அந்த டேக்கையே சிஎஸ்எஸ்ஸால் அலங்கரித்துக்கொள்ளுங்கள், யாரும் தடுக்கவில்லை. எதற்குப் பட்டன், எதற்கு இணைப்பு என்ற குழப்பம் வந்தால், வேறோர் இடத்துக்குக் கொண்டுபோனால் இணைப்பு, இருக்கும் இடத்திலேயே ஏதாவது செய்தால் பட்டன்.

நட்சத்திர மதிப்பீடும் இதே கதைதான். ஐந்து ‘ஸ்பேன்’களில் ஐந்து நட்சத்திரக் குறிகளை வைத்திருப்பார்கள். அது உண்மையில் ஐந்து ரேடியோ பட்டன்கள். அவற்றை ‘ஃபீல்டுசெட்’ என்ற ஒரு குழுவுக்குள் வைத்து, அந்தக் குழுவின் தலைப்பான ‘லெஜண்ட்’டில் “இந்தக் குறிப்புக்கு உங்கள் மதிப்பீடு” என்று எழுதி, ஒவ்வொன்றுக்கும் “3 நட்சத்திரம்” என்று லேபல் கொடுத்தால் அம்பு விசைகளால் நகர்ந்து தேர்வு செய்யலாம். பொருட்களுக்குப் பக்கத்தில் டிக் அடிக்கும் வசதி இருந்தால் அதுவும் அசல் செக்பாக்ஸாக, லேபலோடு இருக்கட்டும். கருத்துப் படிவத்தில் பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் “உங்கள் பெயர்” லேபல் ஆகாது. தட்டச்சு செய்யத் தொடங்கியதும் அது மறைந்துவிடும், பார்வையுள்ளவருக்கும் தொல்லை. பூதக்கண்ணாடிப் படம் மட்டும் உள்ள தேடல் பட்டனுக்குப் பெயரே இல்லாவிட்டால் “பட்டன்” என்பதோடு பேச்சு நின்றுவிடும். என்ன பட்டன்?

படங்களுக்கு வருவோம். அலங்காரப் படத்துக்கு ‘ஆல்ட்’ பண்பை வெறுமையாக விடுங்கள். ஸ்கிரீன் ரீடர் அதைத் தாண்டிப் போகும். வெறுமையாக விடுவதும் பண்பையே எழுதாமல் விடுவதும் ஒன்றல்ல. எழுதாமல் விட்டால் சில சமயம் கோப்பின் பெயரை, “ஐஎம்ஜி அடிக்கோடு 2043” என்று முழுமூச்சில் வாசிக்கும். முகப்புப் படத்துக்கு ஒரு வரி போதும்: “மண்சட்டியில் சுண்டைக்காய் வத்தக்குழம்பு, மேலே நல்லெண்ணெய் மிதக்கிறது.” கட்டத்துக்குக் கட்டம் எடுத்த படங்களில்தான் யோசிக்க வேண்டும். “படத்தில் உள்ளபடி வதங்கியதும்” என்று செய்முறையில் எழுதியிருந்தால், ஆல்ட்டில் நிறத்தை வருணிப்பது அரைகுறைத் தீர்வு. செய்முறையையே திருத்துங்கள்: கடுகு சடசடத்து அடங்கியதும், பச்சை வாசனை போனதும், கரண்டியில் கனம் தெரிந்ததும் என்று. நம் பாட்டிமார் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். பொருட்களின் பட்டியலையே வண்ணப் படமாகச் செய்து ஏற்றும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். தங்கம் விலை முதல் ராசிபலன் வரை தமிழ் இணையத்தில் எழுத்தாக இருக்க வேண்டியவை படமாகத் திரிகின்றன. ஸ்கிரீன் ரீடரும் படிக்காது, தேடுபொறிக்கும் எளிதில் பிடிபடாது.

மொழியைக் குறிப்பது தமிழ்த் தளங்களில் பெரும்பாலும் விடுபடுகிறது. பக்கத்தின் முதல் டேக்கில் ‘லாங்’ என்ற பண்பு இருக்கும். பக்கம் தமிழில் இருந்தால் அதில் தமிழுக்கான ஈரெழுத்துக் குறியீடு இருக்க வேண்டும். எந்தக் குரலால், எந்த உச்சரிப்பு விதிகளால் பேச வேண்டும் என்பதை ஸ்கிரீன் ரீடர் இதை வைத்து முடிவு செய்கிறது. ஆங்கிலம் என்று அறிவித்த பக்கத்தில் தமிழ் எழுத்து வந்தால் சில குரல்கள் மௌனமாகத் தாண்டிவிடும், சில எழுத்தெழுத்தாகத் திணறும். வேர்ட்பிரஸில் இந்தப் பண்பு, அமைப்புகளில் நீங்கள் தேர்ந்தெடுத்த தளமொழியிலிருந்து வருகிறது. நிர்வாகத் திரை ஆங்கிலத்தில் இருந்தால் வசதி என்று தளமொழியை அமெரிக்க ஆங்கிலமாகவே விட்டிருந்தால், உங்கள் தமிழ்க் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலம் என்று உலகுக்கு அறிவிக்கப்படுகின்றன. தளமொழியைத் தமிழாக்கிவிட்டு, உங்கள் சொந்தப் பயனர் விவரப் பக்கத்தில் மட்டும் நிர்வாக மொழியை ஆங்கிலமாக வைத்துக்கொள்ளலாம், 4.7ஆம் பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன், ஆனால் படிக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப் சமையல் புத்தகம் ஏதாவது தளத்தில் இருந்தால், அதன் அடியில் இருப்பவை தமிழ் எழுத்துகள் அல்ல, ஆங்கில எழுத்துகள். எந்தப் பண்பைச் சேர்த்தாலும் பயனில்லை. யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும்.

முகப்புப் பக்கத்தில் வரிசையாக இருபது “மேலும் படிக்க”. இணைப்புகளை மட்டும் பட்டியலிட்டுக் கேட்கும் வசதி பல ஸ்கிரீன் ரீடர்களில் இருக்கிறது. அதில் உங்கள் தளம் இருபது முறை ஒரே சொல்லைச் சொல்லும். குறிப்பின் பெயரையே இணைப்பாக்குங்கள். ஊட்டச்சத்து அட்டவணை இருந்தால் தலைப்புக் கலங்களுக்கு அதற்குரிய டேக்கைக் கொடுங்கள். “14” என்று மட்டும் கேட்பதற்கும் “புரதம், கிராம், 14” என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு அது.

நடுவில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். “எங்கள் தளத்தில் ஏற்கெனவே பொருள் குறிக்கும் குறியீடு இருக்கிறது, ரெசிபி பிளகின் போட்டுத் தருகிறது” என்று சமையல் தளம் நடத்துபவர்கள் சொல்வதுண்டு. அது ஸ்கீமா எனப்படும் கட்டமைந்த தரவு. சமைக்கும் நேரம், கலோரி எல்லாம் தேடல் முடிவில் அழகாகத் தெரிவதற்காகத் தேடுபொறிக்குச் சொல்லப்படுவது. அணுகல் மரத்தில் அது ஓர் இலையைக்கூடச் சேர்ப்பதில்லை. அது இருக்கட்டும், கெடுதல் இல்லை. ஆனால் உங்கள் வாசகருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

இனி ஏரியா. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2014இல் முதல் பதிப்பாக வெளியிட்ட இந்தப் பண்புகள், எச்டிஎம்எல்லில் இயல்பாக இல்லாதவற்றை அணுகல் மரத்தில் சொல்வதற்காக வந்தவை. அதன் முதல் விதியே, தேவையானது இயல்பான டேக்காக இருந்தால் அதையே பயன்படுத்து என்பது. காரணம் எளிது: ஏரியா பெயரை மாற்றும், நடத்தையை மாற்றாது. டிவ்வைப் பட்டன் என்று அறிவித்தால் ஸ்கிரீன் ரீடர் “பட்டன்” என்று சொல்லும். விசையை அழுத்தினால் ஒன்றும் நடக்காமல் போகலாம். முன்பு தெரியாமல் கடந்துபோனவர் இப்போது ஏமாறுகிறார். மெனுவுக்கு ‘ரோல் மெனு’ என்று போட்டுவிட்டால், கணினி மென்பொருளின் மெனு போல அம்பு விசைகள் இயங்கும் என்று பயனர் எதிர்பார்ப்பார். இணைப்புகளின் சாதாரண வரிசைக்கு அது தேவையே இல்லை. ‘ஏரியா ஹிடன்’ போட்ட இடத்துக்குள் ஓர் இணைப்பு இருந்தால், டேப் அங்கே போய் நிற்கும், பேச்சு வராது. வெப்எய்ம் ஆண்டுதோறும் பத்து லட்சம் முகப்புப் பக்கங்களைத் தானியங்கியாகச் சோதிக்கிறது. ஏரியா உள்ள பக்கங்களில் சராசரிப் பிழைகள் அதிகம் என்பது அதில் திரும்பத் திரும்ப வருகிறது. சிக்கலான பக்கங்களில்தான் ஏரியா அதிகம் இருக்கும் என்பதால் பழி முழுவதையும் அதன்மேல் போட முடியாது, ஆனால் மருந்தாக வேலை செய்யவில்லை என்பது தெளிவு.

அது தேவைப்படும் இடங்கள் உங்கள் தளத்தில் சில இருக்கும். மொபைலில் மெனு பட்டன் விரிந்திருக்கிறதா சுருங்கியிருக்கிறதா என்று சொல்ல ‘ஏரியா எக்ஸ்பேண்டட்’. தேடலில் பக்கம் மாறாமல் முடிவு மட்டும் மாறினால், “12 குறிப்புகள் கிடைத்தன” என்று அறிவிக்க ‘ஏரியா லைவ்’. அந்தப் பெட்டி பக்கம் ஏறும்போதே வெறுமையாகவாவது இருக்க வேண்டும், பிறகு எழுத்தை மட்டும் நிரப்ப வேண்டும், இல்லாவிட்டால் அறிவிப்பு சில நேரங்களில் வராது. படிவத்தில் பிழைச் செய்தியை அதற்குரிய பெட்டியோடு இணைக்க ‘ஏரியா டிஸ்கிரைப்ட்பை’. ஏரியா லேபல்களைத் தமிழில் எழுத மறக்காதீர்கள். தீம் செய்தவர் ஆங்கிலத்தில் விட்டுப்போன பெயர்களைத் தமிழ்க் குரல் வாசிப்பதைக் கேட்டால் சிரிப்பு வரும், கேட்டே ஆக வேண்டியவருக்கு வராது.

சோதித்துப் பார்க்கப் பணம் தேவையில்லை. என்விடிஏ, மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலியர்கள் 2006 முதல் உருவாக்கியது. இலவசம், திறமூலம், இடைமுகமும் தமிழில் உண்டு. நிறுவிக்கொண்டு, மவுஸைத் தள்ளிவைத்து, எச் விசையை மட்டும் அழுத்தி ஒரு குறிப்பைக் கடந்து பாருங்கள். இன்சர்ட்டோடு எஃப்7 அழுத்தினால் தலைப்புகள், இணைப்புகள் எல்லாம் பட்டியலாக வரும். அதுதான் உங்கள் தளத்தின் எலும்புக்கூடு. ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக்கை இயக்கியும் ஒருமுறை பாருங்கள், ஏனென்றால் பலர் போனில்தான் படிக்கிறார்கள். லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிச் சோதனைகள் ஆல்ட் இல்லாததைக் காட்டிக்கொடுக்கும். ஆல்ட் தவறாக இருப்பதைக் காட்டாது. 2019இல் வியன்னாவைச் சேர்ந்த வலை உருவாக்குநர் ஒருவர், யாராலும் பயன்படுத்த முடியாத பக்கத்தை வேண்டுமென்றே கட்டி, லைட்ஹவுஸில் நூற்றுக்கு நூறு வாங்கிக் காட்டினார். கண் தெரிந்தவர் ஒரு மணி நேரம் என்விடிஏவைத் தடவிப் பார்ப்பதும், அதையே பல ஆண்டுகளாகப் பயன்படுத்துபவர் பார்ப்பதும் ஒன்றாகாது. எழுதிய வாசகரிடமே திருத்திய பக்கத்தைக் காட்டிக் கேளுங்கள். அதிக நேரம் வாங்கினால் அதற்கு ஊதியம் கொடுங்கள்.

கடைசியாக அந்த விட்ஜெட். பக்கத்தின் ஓரத்தில் சக்கர நாற்காலி அடையாளத்தோடு வந்து உட்காரும் அது, எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும், சில சமயம் தானே உரக்க வாசிக்கும். ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவரிடம் இவற்றுக்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் தளத்துக்கு வருவதற்கே அதைத்தான் பயன்படுத்தினார். விட்ஜெட் பேசினால் ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் பேசும். தடித்த எழுத்தாக மட்டும் இருக்கும் “தாளிக்க” என்ற வரி எந்தத் தலைப்பின் கீழ் எந்த நிலையில் வரவேண்டும் என்று குறிப்பை எழுதிய உங்களைப் போல அதற்குத் தெரியாது. செயற்கை நுண்ணறிவால் எந்தத் தளத்தையும் அணுகல் தரத்துக்கு உட்படுத்திவிடுவோம் என்று விளம்பரப்படுத்திய ஆக்சஸிபீ நிறுவனத்தின் மீது அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. அந்த நிறுவனம் 10 லட்சம் டாலர் செலுத்த வேண்டும் என்ற உத்தரவை ஆணையம் 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்தச் சந்தாவுக்கு ஒதுக்கிய பணம் கையில் இருந்தால், உங்கள் தீமின் டிவ்களைப் பட்டன்களாக மாற்றத் தெரிந்த ஒரு உருவாக்குநருக்குக் கொடுங்கள். பழைய குறிப்புகளின் தலைப்புகளை நீங்களே மாற்றிவிடலாம். அதிகம் படிக்கப்படும் குறிப்புகளிலிருந்து தொடங்குங்கள்.